கரண்டு காரைத் தூக்கிவிட்டால் வெள்ளம் வழிவிடுமா?

ஊரில் ஒரு புது வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. எலக்ட்ரிக் காரைக் கொண்டுபோய் கராஜில் விட்டால், முன் சொக் அப்சோபருக்கு மேலே அலுமினியத் துண்டு, பின் ஸ்பிரிங்குக்குக் கீழே ரப்பர் துண்டு வைத்து இரண்டு இஞ்சி, மூன்று இஞ்சி உயர்த்தி, ஜீப்புக்குப் போடுகிற மாதிரி மொத்தமான டயர் நான்கு மாட்டித் தருகிறார்கள். டயரும் ரிம்முமாகச் சேர்த்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். அவரவர் காசு, அவரவர் கார். அதில் நாங்கள் தலையிட வரவில்லை. அந்த வேலையை விற்பதற்குச் சொல்லப்படும் கதையில்தான் தலையிட வருகிறோம்.

"கரண்டு காருக்கு சைலன்சர் இல்ல, இஞ்சின் இல்ல, தண்ணி உள்ளுக்குப் போக வழியே இல்ல. உசத்திவிட்டா மாரி வெள்ளத்துக்குள்ளால போட் மாதிரிப் போகலாம் காக்கா."

இந்த வசனத்தை இப்போது கராஜ்காரர் மட்டுமல்ல, சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளைகளும் எங்களிடம் வந்து சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம். நாங்கள் என்றால் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிற சில ஆசிரியர்கள். அதே வீதியால் தங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறவர்களும்தான்.

போட் மாதிரிப் போகும் என்பது உண்மை. அதுதான் எங்கள் பயமே.

நமது பகுதியில் அதிகம் ஓடுவது பழைய நிசான் லீஃப், அதையே எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறக்குறைய 4.4 மீட்டர், அகலம் 1.77 மீட்டர். மூலை முடுக்கைக் கழித்துவிட்டால் வயிற்றுப் பக்கத்தின் பரப்பு 7 சதுர மீட்டர் என்று வைக்கலாம். காரின் எடை 1500 கிலோ மட்டில். பெட்டரி முழுவதும் அடியில் இருப்பதால் வயிறு தட்டையானது. இனி ஆக்கிமிடிஸின் தத்துவம். தண்ணீர் வயிற்றைத் தொட்டு அதற்கு மேல் 10 சென்டிமீட்டர் ஏறினால் இடம்பெயரும் தண்ணீர் 0.7 கன மீட்டர், அதாவது 700 கிலோ. காரின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்டத் தண்ணீரே தாங்கிவிட்டது. டயர் வீதியைப் பிடிக்கிற பிடியும் அதேயளவு போய்விட்டது. இன்னும் 10 சென்டிமீட்டர் ஏறினால் 1400 கிலோ. கார் மிதக்கத் தயார். கதவு ரப்பரால் தண்ணீர் கசிந்து உள்ளே வந்து காரை மறுபடி கனமாக்கும் என்பது சரி. ஆனால் அதற்குச் சில நிமிடம் வேண்டும். வாய்க்காலுக்குள் தள்ளிவிட ஓடுகிற தண்ணீருக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

கம்பனி விட்ட உயரத்தில் லீஃபின் வயிற்றுக்கும் வீதிக்கும் இடையில் 16 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கிறது. அப்படியானால் 36 சென்டிமீட்டர் தண்ணீரில் கார் மிதக்கும் நிலைக்கு வருகிறது. மூன்று இஞ்சி தூக்கினால் அது 43 அல்லது 44 ஆகும். லட்சம் கொடுத்து நீங்கள் வாங்கியது இந்த ஏழரை சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட இல்லை. மாரியில் நமது வயல் வீதிகளுக்குக் குறுக்கே போகிற தண்ணீர் அரை மணித்தியாலத்தில் அதைவிட அதிகமாக ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மொத்த டயருக்குள் இருப்பதும் காற்றுத்தான். பெரிய டயர் பெரிய மிதவை. அது காரை நிலத்தில் அழுத்தாது, இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.

இதெல்லாம் அசையாமல் நிற்கிற தண்ணீருக்குப் போட்ட கணக்கு. ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டிலும் தள்ளும். ஒரு அடி ஆழத்தில் ஓடும் வெள்ளம் பல சின்னக் கார்களை இழுத்துப் போகப் போதுமானது, இரண்டு அடி என்றால் பெரும்பாலான வாகனங்களுக்குப் போதும் என்பது உலகம் முழுக்க அனர்த்த முகாமைத்துவத்தில் சொல்லிக் கொடுக்கப்படுகிற பாடம்.

நமக்கு அந்தப் பாடத்துக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டுமா? 2024 நவம்பர் 26. காரைதீவு - மாவடிப்பள்ளி வீதி. மத்ரஸாப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏறியிருந்தது உழவு இயந்திரம். அதன் பின் சில்லு ஒரு ஆளின் நெஞ்சளவு உயரம். ஊரில் எந்தக் கராஜும் எந்தக் காரையும் அந்த உயரத்துக்குத் தூக்க முடியாது. அதையே தண்ணீர் இழுத்தது. அந்த ஜனாஸாக்களுக்கு நின்ற ஊர் இது. அதே வீதியைக் காட்டி, "இனி இந்தக் காரில் தாண்டிப் போகலாம்" என்று வியாபாரம் பேச எப்படி நாக்கு வருகிறது?

அடுத்த வாதம், பெட்டரிக்குள் தண்ணீர் போகாது, ஐபி67 தரம். இதைச் சொல்கிறவரிடம் அந்த 67 என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தூசு புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் வைத்தாலும் தாங்கும் என்று புதிய பொருளுக்குச் செய்கிற சோதனை அது. பத்து வருடம் ஓடி, வேகத்தடைகளில் அடிவயிறு உரசி, ரப்பர் காய்ந்து போன பெட்டரிப் பெட்டிக்கு யாரும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்வதில்லை. பெட்டரி தப்பினாலும் கனெக்டர், வயர், சில்லுப் பேரிங் எல்லாம் அந்தத் தரத்தில் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

நமது ஊர் கடலோர ஊர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோணா திறந்து கடல் தண்ணீர் கலந்தால் அது உப்புத் தண்ணீர். 2022 இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் சூறாவளி தாக்கியபோது கடல் நீரில் மூழ்கிய எலக்ட்ரிக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பின்னர் தாமாகவே தீப்பற்றின. உப்பு மின்சாரத்தைக் கடத்தும், பெட்டரிக்குள் இருந்துகொண்டு மெதுவாக அரிக்கும். பெருநாள் பின்னேரங்களில் உயர்த்திய காரை அலை நுனியில் ஓட்டி வீடியோ எடுக்கிற தம்பிமார், அந்தக் காரை இரவில் எங்கே நிறுத்துகிறார்கள்? வீட்டுப் போர்ட்டிகோவில். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உம்மாவும் பிள்ளைகளும் தூங்குகிறார்கள்.

இனி டயருக்கு வருவோம். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். வட்டத்தின் பரிதி படித்த பிள்ளை போதும்.

205/55 ஆர்16 என்பது லீஃபுக்குக் கம்பனி போட்ட சைஸ்களில் ஒன்று. 205 மில்லிமீட்டர் அகலம், அதன் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 16 இஞ்சி ரிம். கூட்டிப் பார்த்தால் விட்டம் 632 மி.மீ. அதே ரிம்மில் 215/65 போட்டால் விட்டம் 686 மி.மீ. இதில் கார் உயர்வது வித்தியாசத்தின் பாதி மட்டும்தான், 27 மி.மீ. ஆனால் சில்லு ஒருமுறை சுற்றும்போது ஓடுகிற தூரம் எட்டரை சதவீதம் கூடிவிடுகிறது. காரின் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. அது பழைய டயர் என்று நினைத்துச் சுற்றுக்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

மீட்டரில் 50 காட்டும்போது கார் உண்மையில் 54 ஐத் தாண்டி ஓடுகிறது. "நாலு கிலோமீட்டர்தானே சேர்" என்பார்கள். நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். எட்டரை சதவீத வேகம் ஏறக்குறைய 18 சதவீதக் கூடுதல் சக்தி. பிரேக் பிடித்த பிறகு நிற்க எடுக்கும் தூரமும் ஏறக்குறைய அதேயளவு நீளும். பழைய டயரில் 15 மீட்டரில் நின்ற கார் இப்போது 17 மீட்டரையும் தாண்டித்தான் நிற்கும். காலை ஏழேகாலுக்குப் பாடசாலைப் படலைக்கு முன்னால் இரண்டு மீட்டர் என்றால் என்ன என்று அங்கே கடமைக்கு நிற்கிற எங்களுக்குத் தெரியும். மஞ்சள் கோட்டில் முதலாம் தரப் பிள்ளைகள் மூன்று பேர் கைகோர்த்து நிற்கிற இடம் அது. எலக்ட்ரிக் கார் சத்தமில்லாமல் வேறு வருகிறது.

கம்பனி மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், பெரிய டயர் போட்டால் அது சரியாகிவிடும் என்று ஒரு விளக்கமும் ஓடுகிறது. முதல் பாதி உண்மை. மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது சர்வதேச விதி, அதற்காகத்தான் கம்பனிகள் கொஞ்சம் கூட்டி வைக்கின்றன. டயர் தேயும், காற்றுக் குறையும், ஆளுக்கு ஆள் சைஸ் கொஞ்சம் மாறும் என்று விட்ட இடைவெளி அது. எட்டரை சதவீதத்தை அதற்குள் திணித்துவிட்டு மிச்சத்தைப் பேசாமல் விடுகிறார்கள்.

ஓடோமீட்டரும் இதே கணக்கில் குறைத்துத்தான் எழுதும். 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது 108 ஓடியிருக்கும். அடுத்து காரை வாங்கப்போகிறவர் கவனிக்க வேண்டிய விடயம் இது. விற்கிறவரும் மனச்சாட்சியோடு சொல்ல வேண்டியது.

டயரின் பாரத்தையும் யாரும் பார்ப்பதில்லை. சைஸுக்குப் பக்கத்தில் 91 என்று ஒரு இலக்கம் இருக்கும். ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். எலக்ட்ரிக் கார் பெட்டரியால் கனத்தது. பார்வைக்கு மொத்தமாக இருக்கிறது என்று அந்த இலக்கம் குறைந்த பழைய டயரைப் போட்டுவிடாதீர்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் செய்த திகதி. 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம்.

இந்தக் கார்களை நாம் எதற்கு வாங்கினோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 ஐ மறந்துவிட்டோமா? பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவு முழுக்கக் கிடந்தோம். அந்த வருடம் ஜூலையில் கியூஆர் வந்த பிறகும் கிழமைக்கு அளந்துதான் ஊற்றினார்கள். அந்த நாட்களில் லீஃப் வைத்திருந்தவர் ராஜா. (மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது ராஜாவும் மெழுகுதிரியோடு இருந்தார், அது வேறு கதை.) குறைந்த செலவில், எரிபொருளுக்குக் கை ஏந்தாமல் போய்வர வேண்டும் என்பதுதான் நோக்கம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு லீசிங் எடுத்துப் புதுக் கார் வாங்கியவர்களுக்கும் அதுதான் நோக்கம்.

மொத்த டயரும் தூக்கிய உடம்பும் அந்த நோக்கத்தின் கழுத்தைத்தான் பிடிக்கின்றன. கனமான சில்லைச் சுற்றவைக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும். ஆழமான கட்டைப் பூ வைத்த டயர் தார் வீதியில் உருளக் கஷ்டப்படும். உயரம் கூடினால் அடியால் போகும் காற்றும் தடுக்கும். 24 கிலோவாட் மணிப் பெட்டரி, அதிலும் நமது வெயிலில் பத்து வருடம் வெந்து பன்னிரண்டு கட்டத்தில் எட்டுக் கட்டம் மிஞ்சிய காருக்கு இது சின்ன விடயமல்ல. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போதனா வைத்தியசாலையில் உம்மாவைக் காட்டிவிட்டு சார்ஜ் போடாமல் திரும்பி வந்த கார், டயர் மாற்றிய பிறகு களுவாஞ்சிக்குடியைத் தாண்டும்போது ஆமைப் படத்தைக் காட்டினால் அந்த நேரம் யாரைப் பேசுவது?

கராஜில் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. முன் சில்லுக்கு மோட்டாரிலிருந்து போகிற ஷாஃப்ட் ஏறக்குறைய நேராக நிற்கும்படிதான் காரைச் செய்திருக்கிறார்கள். மூன்று இஞ்சி உடம்பை உயர்த்தினால் ஷாஃப்ட் சரிந்து நிற்கும். முனையில் இருக்கிற ரப்பர் பூட் மடிந்து மடிந்து கிழியும், கிரீஸ் வெளியே போகும், நமது கடற்கரை மணல் உள்ளே போகும். பிறகு திருப்பும்போதெல்லாம் டக் டக் என்ற சத்தம். எலக்ட்ரிக் மோட்டார் முதல் மிதியிலேயே முழு இழுவையும் கொடுப்பதால் அந்த மூட்டுக்கு விழுகிற அடியும் அதிகம். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் ரப்பர் துண்டு திணிக்கிற மலிவு வேலை அதைவிட மோசம். திணித்த சுருள் வேலை செய்யாது, அதன் பாரமும் மற்றச் சுருள்களுக்குப் போய் ஒருநாள் ஸ்பிரிங் உடையும். முன்னால் மட்டும் உயர்த்தினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். இரவில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு வீதியே தெரியாது. எங்களில் பாதிப் பேர் அந்த மோட்டார் சைக்கிள்காரர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு உயர்த்துகிறவர்கள் எல்லோரையும் ஷோ காட்டுகிறவர்கள் என்று சொன்னால் அது அநியாயம். பலர் ஷோவுக்காகச் செய்யவில்லை. அவர்கள் வீட்டு ஒழுங்கையால் கார் போகாது. ஏன் போகாது?

நமது ஒழுங்கைகளில் இருக்கிற வேகத்தடைகளை ஒரு தடவை டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஒரு அடி அகலத்தில், அரை அடி உயரத்தில், சீமெந்துக் கட்டி. யார் வீட்டுக்கு முன்னால் யார் போட்டது என்று கேட்டால் பதில் வராது. இங்கிலாந்தில் வீதி ஆராய்ச்சிக்காரர்கள் வகுத்த வேகத்தடை ஒன்று இருக்கிறது, உலகத்தில் பல நாடுகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. 3.7 மீட்டர் நீளத்தில் மெதுவாக ஏறி இறங்கும், நடுவில் உயரம் 7.5 முதல் 10 சென்டிமீட்டர் வரைதான். லீஃபின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2.7 மீட்டர். அந்த நீளத் தடையின் நடுவில் கார் நிற்கும்போது இரண்டு சில்லும் தடையின் மேலேயே இருக்கும், அதனால் வயிற்றுக்குக் கீழே ஐந்தாறு சென்டிமீட்டர் இடம் இருந்தாலே போதும். நமது சீமெந்துக் கட்டியிலோ சில்லு இரண்டும் பள்ளத்தில், கட்டி நடு வயிற்றில். நான்கு பேர் ஏறிய கார் 15 சென்டிமீட்டர் கட்டியில் உரசாமல் வேறென்ன செய்யும்?

உரசுவது எதில்? ஒரு காரின் விலையில் பெரும்பங்கான பெட்டரிப் பெட்டியில். அப்படிப்பட்ட ஒழுங்கையில் குடியிருக்கிறவர் 20, 25 மில்லிமீட்டர் உயர்த்திக்கொண்டால் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். கம்பனி சைஸ் டயரையே போட்டு, நல்ல ஸ்பேசர் வைத்து, அன்றைக்கே வீல் அலைன்மென்ட் செய்து, லைட்டையும் சரிபார்த்தால் அது நியாயமான வேலை. மூன்று இஞ்சியும் ஜீப் டயரும் அந்தத் தேவைக்கு வந்ததல்ல.

இந்த வேகத்தடைகளைப் பற்றிப் பேசவேண்டியவர்கள் பேசாமல் இருப்பதற்கும் இந்த வியாபாரம் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். குரல் எடுத்தால் கேட்கப்படக்கூடியவர்கள் எல்லோரும் காரை உயர்த்திக்கொண்டு தாண்டிப் போய்விட்டார்கள். மிச்சம் யார்? பிரசவ வலியோடு ஆட்டோவில் போகிற பெண், சைக்கிளில் மீன் பெட்டி கட்டிப் போகிறவர், முதுகு ஒப்பரேஷன் செய்த வாப்பாவைக் கூட்டிவருகிற மகன். அவர்களுக்கு யார் ஸ்பேசர் வைத்துக் கொடுப்பது? 2025 ஜனவரியில் பொலிசார் ஆட்டோக்களில் இருந்த சோடனைகளைக் கழற்ற வைத்தபோது ஊரே பேசியது. ஒழுங்கைக்குள் சீமெந்துக் கட்டி போட்டவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்தப் பதிவுக்குக் கீழே என்ன வரும் என்று தெரியும். "சேருக்கு பொறாமை." "பாகிஸ்தான்ல, டுபாய்ல எல்லாம் ஓடுறாங்க." டுபாய் பாலைவனத்தில் ஓடுவது அதற்கென்றே செய்த நான்கு சில்லு இழுவை வாகனம். முன் சில்லு மட்டும் இழுக்கிற குடும்பக் காருக்கு ஜீப் சப்பாத்துப் போட்டால் அது ஜீப் ஆகாது. கடற்கரை மணலில் போன பெருநாளைக்கும் இரண்டு உயர்த்திய கார்களை உழவு இயந்திரம் வைத்துத்தான் இழுத்தெடுத்தார்கள், அந்த வீடியோவும் உங்கள் போனில் இருக்கிறது.

கராஜ் வைத்திருக்கிற சகோதரர்களிடம் கேட்பது இதுதான். வேலையைச் செய்யுங்கள், பிழைப்பைச் செய்யுங்கள். வெள்ளத்தைப் பற்றி மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுப்பதென்றால் பில்லில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். புதுக் கார்க்காரர்கள் வாரண்டிப் புத்தகத்தைத் திறந்து சஸ்பென்ஷன் பக்கத்தை வாசித்துவிட்டுப் பிறகு காரைக் கொண்டுபோங்கள். மாற்றம் செய்வது பற்றி காப்புறுதிக் கம்பனியிடமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் முதலே கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மற்றது வேகத்தடை. வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை வீதியிலும் அதற்குப் பின்னால் உள்ள ஒழுங்கைகளிலும் ஒவ்வொரு தடையையும் அளக்கப் போகிறோம், நீளம், உயரம், போட்டோ. பத்தாம் தரப் பிள்ளைகள் அட்டவணை போடுவார்கள். பிரதேச சபைக்கும் பள்ளி நிருவாகத்துக்கும் ஒவ்வொரு பிரதி. உயர்த்திய கார் வைத்திருக்கிற தம்பிமாரும் வாருங்கள். எந்தத் தடையில் எந்தக் கார் உரசியது என்று உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? டேப் எங்களிடம் இரண்டு இருக்கிறது, ஐந்து மீட்டர் டேப் வைத்திருப்பவர்கள் எடுத்து வரவும்.